தொப்பி விழும் நேரம்: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் பொருளும் பயன்பாடும்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியோரத்தில் உள்ள ஒரு சிறிய சுற்றுலா விடுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறை நாளொன்றில் என்னைப் பார்க்க வந்தபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து மேசைமேல் வைத்தார். தம் காதில் விழுந்த ஓர் ஆங்கில வாக்கியத்தை அதில் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். முதல் நாள் மாலை மழையில் தொப்பலாக நனைந்து விடுதிக்குத் திரும்பிய வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், "இட் ரெய்ன்ஸ் அட் த ட்ரொப் ஒஃப் எ ஹட் ஹியர்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"மழையும் விளங்கிச்சு, விழுறதும் விளங்கிச்சு, தொப்பியும் விளங்கிச்சு சேர். வர்ற வழியில தொப்பி விழுந்திருச்சோன்னு நெனச்சு, துவாயைக் குடுத்திட்டு, தொப்பியைத் தேடிப் பார்க்கவான்னு கேட்டேன். அந்தம்மா நன்றி சொல்லிட்டுப் பேசாம மேல போயிட்டாங்க" என்றார். அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒரு வாக்கியத்தின் எல்லாச் சொற்களும் விளங்கிய பின்னரும் வாக்கியம் விளங்காமல் போகுமானால், அங்கே ஒரு மரபுத்தொடர் இருக்கிறது என்று கொள்ளலாம். மரபுத்தொடரின் பொருள் அதன் தனித்தனிச் சொற்களில் இருப்பதில்லை. அந்த மொழியைப் பேசுகிறவர்கள் அந்தச் சொற்களைச் சேர்த்து ஆண்ட வழக்கத்தில் இருக்கிறது. அன்று அவருக்குச் சொன்னதையே, சற்று விரித்து, இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண்மணியின் வாக்கியத்தில் இருந்த மரபுத்தொடர் 'அட் த ட்ரொப் ஒஃப் எ ஹட்' என்பது. முதலில் அதன் சொற்களைப் பார்ப்போம். 'ஹட்' என்பதை நம் ஹட்டன் நகரத்தின் பெயரில் முதலில் வரும் ஒலியைப் போலச் சொன்னால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். தமிழில் நாம் விளிம்பின் வேறுபாடு பாராமல் தொப்பி என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் சுற்றிலும் விளிம்பு உள்ளது ஹட், கிரிக்கெட் விளையாடுவோர் அணிவதுபோல் முன்னால் மட்டும் நீண்டிருப்பது கெப். இந்தத் தொடரில் ஹட் மட்டுமே வரும், கெப் வராது. 'ட்ரொப்' என்ற சொல்தான் நம் மாணவர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. அதற்குத் துளி என்றும் பொருள் உண்டு, விழுதல் என்றும் பொருள் உண்டு. சமுத்திரத்தில் ஒரு துளி என்னும் கருத்தில் ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு தொடரில் அது துளிதான். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் தொடரில் அது விழுதல். மழையோடு சேர்த்துக் கேட்டபடியால் என் மாணவர் துளி என்றும் ஒரு கணம் நினைத்திருக்கிறார். ஆகவே நேர்ப்பொருள், 'ஒரு தொப்பி விழும் அந்தக் கணத்தில்' என்பதாகும்.

தொப்பி ஏன் விழ வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஓட்டப் போட்டியையோ கைகலப்பையோ தொடங்குவதற்கு, ஒருவர் தம் தொப்பியைக் கையில் பிடித்து நின்று கீழே போடுவது அல்லது சட்டென்று தாழ்த்துவது சைகையாக இருந்தது என்பதே இந்தத் தொடருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பிறப்பு. 1837ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் விவாதங்களின் பதிவேட்டிலேயே இந்தத் தொடர் இடம்பெற்றுள்ளது. அங்கே பேசியவர் கண்ணிமைக்கும் பொழுது, தொப்பி விழும் பொழுது, விரலை மடக்கிக் கூப்பிடும் பொழுது என்னும் மூன்றையும் அடுத்தடுத்து அடுக்கியிருக்கிறார். எதையும் விளக்காமல் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தொடர் அப்போதே பழகிப்போன ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவின் பழைய பந்தயத் திடலை நாம் கண்டதில்லை. ஆனால் தோட்டப் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தேயிலை மலைக்கு நடுவே வெட்டிச் சமப்படுத்திய சிறிய மைதானம். சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஆறு பிள்ளைகள் விரல் நுனிகளை ஊன்றிக் குனிந்திருக்கிறார்கள். ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் ஆசிரியர் இரண்டு பலகைத் துண்டுகளைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்திருக்கிறார். அந்த இரண்டு மூன்று விநாடிகளில் மைதானத்தைச் சுற்றி நிற்கும் தாய்மாரின் பேச்சுக்கூட நின்றுவிடும். பலகைகள் 'டப்' என்று மோதியதுதான் தாமதம், ஆறு பேரும் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். பலகையின் சத்தம் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. ஓடுவதற்கான வேகம் முழுவதும் அந்தப் பிள்ளைகளின் கால்களில் முன்னரே கூடியிருந்தது. சத்தம் அதை அவிழ்த்துவிட்டது, அவ்வளவுதான். பலகைகளுக்குப் பதிலாக ஒரு தொப்பி புற்றரையில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்பி விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது. அத்தனை சின்னஞ்சிறு காரணம். அதற்கு அத்தனை பெரிய பாய்ச்சல்.

இந்தத் தொடரின் பொருள் இந்தக் காட்சிக்குள்தான் இருக்கிறது. ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தேடுவோருக்கு 'உடனடியாக' என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் பொருளாகக் கிடைக்கும். அது பிழையன்று, ஆனால் பாதிப் பொருள். 'உடனே' என்பது நேரத்தை மட்டும் சொல்கிறது. இந்தத் தொடரோ நேரத்தோடு வேறு இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்கிறது: காரணம் மிகச் சிறியது என்பது ஒன்று, செய்கிறவர் தயக்கமே இல்லாமல், ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தவர்போலச் செய்கிறார் என்பது மற்றொன்று. இவை இல்லாத இடத்தில் தொடரைப் போட்டால் வாக்கியம் இலக்கணப் பிழை இல்லாமலே பிழையாகிவிடும். 'ஹட்டன் பஸ் ஆறு மணிக்கு உடனே புறப்பட்டது' என்பதற்கு இந்தத் தொடர் பொருந்தாது. பஸ் நேர அட்டவணைப்படி புறப்படுகிறது. அதற்குத் தயக்கமும் இல்லை, தயக்கமின்மையும் இல்லை.

தமிழில் இதற்கு நிகரானதைத் தேடும்போது ஒற்றைச் சொல்லைத் தேடக்கூடாது என்பது என் அனுபவம். நமக்கு அது ஒரு வாக்கிய அமைப்பாகவே கிடைக்கிறது. 'ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்து நிற்பார்', 'லேசாகப் பார்த்தாலே போதும், அழுதுவிடுவாள்' என்று நாள்தோறும் பேசுகிறோமே, அந்தப் 'போதும்' என்ற சொல் காரணத்தின் சிறுமையையும் விளைவின் வேகத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஆங்கில வாக்கியமொன்றில் இந்தத் தொடரைக் கண்டால், அதைப் 'போதும்' வரும் தமிழ் வாக்கியமாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். தொடரின் பொருள் உங்களுக்குப் பிடிபட்டதா என்பதை அதிலேயே அறிந்துகொள்ளலாம்.

இந்தத் தொடர் புகழ்ச்சிக்கும் வரும், குறைகூறலுக்கும் வரும். தமிழ் இந்த இரண்டையும் வெவ்வேறு தொடர்களால் பிரித்துச் சொல்கிறது. ஆங்கிலம் ஒன்றிலேயே அடக்கிவிடுகிறது. தொடக்க நிலையில் கற்பவர் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

புகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். நான் வளர்ந்த தேயிலைத் தோட்டப் பிரிவில், அதாவது டிவிசனில், லொறி வைத்திருந்த மாமா ஒருவர் இருந்தார். தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு வரும் பாதை கல்லும் குழியுமாக இருந்த காலம். நடு இரவில் ஏதாவது ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பிரசவ வலி கண்டால், யாராவது ஒருவர் டோர்ச் லைட்டோடு அவர் வீட்டுக் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். யார், எவர், எந்த லயம் என்று அவர் கேட்டதை நான் கேட்டதில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு இறங்கி வருவார். கேள்வி கேட்பதற்குள் இஞ்சின் சத்தம் கேட்கும். எங்கள் பாட்டி அவரை 'எள்ளுன்னா எண்ணெயா நிப்பான்' என்பார். நாம் 'கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார்' என்போம். ஆங்கிலத்தில் அவரைப் பற்றி, 'ஹி வுட் ஹெல்ப் எனிவன் அட் த ட்ரொப் ஒஃப் எ ஹட்' என்று எழுதினால் மிகச் சரியாக இருக்கும். கதவில் விழுந்த இரண்டு தட்டுத்தான் தொப்பி. அவருடைய மனம் எப்போதும் ஆயத்தமாக இருந்தது என்பதுதான் அந்த வாக்கியம் சொல்லும் செய்தி. அவர் எத்தனை நிமிடத்தில் வந்தார் என்பது அதற்கு இரண்டாம் பட்சம்.

குறைகூறும்போதும் சொற்கள் மாறுவதில்லை. வினை மட்டும் மாறுகிறது. உதவுதல், வருதல், பாடுதல் போன்ற வினைகளோடு வந்த தொடர், கோபப்படுதல், சண்டை பிடித்தல், அழுதல், வேலையை விட்டு விலகுதல் போன்றவற்றோடு வரும்போது, அந்த மனிதருக்கு நிதானம் போதாது என்ற பொருளைத் தந்துவிடுகிறது. தமிழில் இதனைத் 'தொட்டதற்கெல்லாம் கோபப்படுகிறார்', 'எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்கிறார்' என்கிறோம். கூப்பிட்ட குரலுக்குக் கோபப்படுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. தொட்டதற்கெல்லாம் உதவுகிறார் என்றும் சொல்வதில்லை. ஆகவே மொழிபெயர்க்கும்போது முதலில் வினையைப் பாருங்கள். அது நல்லதா, குறையா என்று முடிவு செய்தபின் தமிழ்த் தொடரைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது பயன்பாடு எதிர்மறை. ஒன்றைத் தொப்பி விழும் நேரத்தில் செய்துவிட முடியாது என்று சொல்வதற்கும் ஆங்கிலத்தில் இந்தத் தொடர் மிகவும் கைகொடுக்கிறது. மலையகத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மலைச்சரிவில் உள்ள லயங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் நடந்த மண்சரிவை அறிந்த எவரும் அந்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்தச் சொல்ல மாட்டார்கள். ஆயினும், நான்கு தலைமுறையாக இருந்த வீட்டையும், கட்டிய மாட்டையும், படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கையும் விட்டுவிட்டு, போக்கிடம் தெரியாத ஒரு குடும்பம் நிரந்தரமாக வெளியேறுவது என்பது நினைத்த மாத்திரத்தில் நடக்கும் காரியமன்று. இதனைப் பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர், 'எ ஃபெமிலி கெனொட் லீவ் இட்ஸ் ஹோம் அட் த ட்ரொப் ஒஃப் எ ஹட்' என்று எழுதலாம். சோம்பலால் அவர்கள் தாமதிக்கவில்லை, விடுவதற்கு அத்தனை இருக்கிறது என்ற நியாயத்தை அந்தத் தொடர் தாங்கி நிற்கும். தமிழில் இந்த இடத்துக்கு 'நினைத்தவுடன்', 'நின்ற நிலையில்', 'கட்டிய துணியோடு' என்பவை பொருந்தும்.

அதே எச்சரிக்கையை வைத்தே இந்தத் தொடர் வரக்கூடாத இடத்தையும் காட்டலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது; சிவப்பு என்றால் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். அத்தகைய அறிவித்தலை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 'இமீடியட்லி' என்று எழுத வேண்டும். அங்கே இந்த மரபுத்தொடரைப் போட்டால், காரணம் அற்பமானது என்ற தொனி தானாகவே ஒட்டிக்கொள்ளும். மலை சரிவது அற்பக் காரணமன்று. பொதுவாகவே இந்தத் தொடர் கட்டளைக்கு ஏற்றதன்று. மனிதரின் இயல்பை வருணிக்கவே அது பெரும்பாலும் பயன்படுகிறது. ஒருவரை ஒரு வேலையைச் செய்யச் சொல்வதற்கு அதனைப் பயன்படுத்துவதில்லை. 'தயவுசெய்து எனது சான்றிதழை உடனே அனுப்பவும்' என்று காரியாலயமொன்றுக்கு எழுதும் கடிதத்தில் இதனைச் சேர்த்த மாணவரின் கொப்பியைத் திருத்தியிருக்கிறேன். புதிதாகக் கற்ற தொடரைப் பயன்படுத்த வேண்டும் என்ற ஆர்வம் அதில் தெரிந்தது. அந்த ஆர்வத்தைக் குறைக்காமல் இடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். விண்ணப்பம், முறைப்பாடு, விடுமுறைக் கடிதம் ஆகியவற்றில் நேரடியான சொல்லே மரியாதை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் நண்பருக்கு எழுதும் கடிதம், ஒருவரைப் பற்றிய வருணனை, கதை போன்றவற்றில் இந்தத் தொடர் அழகாக அமர்ந்துகொள்ளும்.

இலக்கணம் எளிது. தொடர் முழுவதும் ஒரு வினையடையாக நின்று, பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். அதன் உள்ளே கை வைக்கக்கூடாது: ஐந்து பேரைப் பற்றிப் பேசினாலும் தொப்பி ஒன்றுதான், பெண்ணைப் பற்றிப் பேசினாலும் 'அவளுடைய தொப்பி' ஆகாது, இறந்தகாலமானாலும் 'ட்ரொப்' மாறாது. வழக்கத்தைச் சொல்லும் நிகழ்கால வினையோடும், 'வில்', 'வுட்', 'கென்' ஆகியவற்றோடும் அது மிக இயல்பாக வருகிறது. ஒருமுறை மட்டும் நடந்ததைச் சொல்லவும் பயன்படுத்தலாம். 'அவர் நல்ல வேலையைச் சட்டென்று உதறிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்' என்பதுபோல. அப்போதும், போதிய காரணமில்லாமல் என்ற சாயல் உள்ளே இருக்கும்.

விரைவைக் குறிக்கும் பிற தொடர்களோடு இதனைக் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. 'இன் த ப்ளின்க் ஒஃப் என் ஐ' என்பது நம் 'கண்ணிமைக்கும் நேரத்தில்' என்பதற்கு ஏறக்குறைய அப்படியே இணையானது. அது செயல் நடந்து முடிய எடுத்த நேரத்தின் குறுமையைச் சொல்கிறது. நானுஓயாவில் புகையிரதம் சுரங்கத்துக்குள் மறைவதுபோல மூடுபனிக்குள் மறைந்துவிட்டது என்றால் கண்ணிமைக்கும் நேரம் பொருந்தும், தொப்பி பொருந்தாது. தொப்பி சொல்வது தொடக்கத்தின் விரைவை; தொடங்கிய வேலை முடிய ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. 'ஒன் த ஸ்பொட்' என்பது அந்த இடத்திலேயே, அப்போதே என்பது; பணத்தைக் கையோடு கொடுத்தல், அந்த இடத்திலேயே தண்டப்பணம் விதித்தல் போன்றவற்றுக்கு உரியது. 'ஒன் த ஸ்பர் ஒஃப் த மோமன்ட்' என்பதில் குதிரையோட்டி தன் குதிகாலில் பூட்டும் முள் இருக்கிறது. முன்கூட்டித் திட்டமிடாமல், அந்தக் கணத்தின் உந்துதலில் எடுத்த முடிவைக் குறிப்பது அது. இது தொப்பிக்கு மிக நெருங்கிய உறவு. பதுளைக்குப் போகப் புறப்பட்டவர் ஒரு நாள் வழியில் உள்ள எல்ல என்னும் ஊரில் இறங்கிவிட்டார் என்றால், அது கணத்தின் உந்துதல். எப்போது கூப்பிட்டாலும் எல்லவுக்குப் புறப்படத் தயாராக இருப்பவர் என்றால், அது தொப்பி.

பெரட்டுக்களம் (காலையில் தோட்டத் தொழிலாளரை வேலைக்குப் பிரிக்கும் இடம்) என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு, ஒரு சைகைக்கு உடனே புறப்படுவது புதிய அனுபவமன்று. விடியுமுன் தப்பு என்னும் பறை ஒலித்தால் எழுந்து மலைக்குப் போன தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். சில வேளைகளில் மாணவர்கள், "அப்படியென்றால் தப்புச் சத்தமும் இந்தத் தொப்பியும் ஒன்றா சேர்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஒன்றல்ல என்பதே விடை. தப்புக்குப் பின்னால் தோட்டத்தை நடத்திய துரையின் அதிகாரம் இருந்தது. எழாவிட்டால் அன்றைய பேர், அதாவது அன்றைய வேலையும் கூலியும், இல்லை. தொப்பி விழும்போது யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஓடத் தவித்துக்கொண்டு நின்றவர் ஓடுகிறார். விருப்பமில்லாமல், பயத்தினால் உடனே செய்வதை இந்தத் தொடர் குறிப்பதில்லை என்பதை அந்த ஒப்பீடு நன்றாகவே விளக்குகிறது.

என் மாணவரின் துண்டுக் கடதாசிக்குத் திரும்புகிறேன். இவ்வளவையும் கேட்டபின் அவர், "அப்ப மழைக்கு என்ன சேர் சொல்றது? மழை உதவியும் செய்யல்ல, கோபப்படவும் இல்லையே" என்று கேட்டார். கூப்பிட்ட குரலும் தொட்டதற்கெல்லாமும் மழைக்குப் பொருந்தாது என்பதை அவரே கண்டுகொண்டிருந்தார். வாக்கிய அமைப்பை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே, மதியம் வரை வெயில் காய்ந்த மலையின் உச்சியில் சாம்பல் நிறம் ஏறிக்கொண்டிருந்தது; அடுத்த வீட்டு அக்கா கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக உருவி எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடதாசியைத் திருப்பி, ஆங்கில வாக்கியத்தின் பின்புறத்தில் அவர் எழுதினார்: 'இங்கே ஒரு மேகம் எட்டிப் பார்த்தாலே போதும், மழை கொட்டிவிடும்.'